செங்கோட்டைக் கணவாயும் ஒரு மின்பாதையும்

குற்றாலம் என்றால் அருவி, குரங்கு, எண்ணெய்க் குளியல். இந்த மூன்றும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அதே மலைத்தொடரை 400 கிலோவோல்ட் மின்பாதை ஒன்றும் தாண்டுகிறது என்பது சீசனுக்கு வந்து போகிறவர்கள் பலருக்குத் தெரியாது.

கூடங்குளம் மின்சாரத்தில் கேரளத்தின் பங்கைக் கொண்டுபோக பவர்கிரிட் நிறுவனம் போட்ட பாதை இது. திருநெல்வேலியிலிருந்து மேற்கே போய், மலையைக் கடந்து, புனலூர் பக்கம் இடமண்ணில் இறங்குகிறது. அங்கிருந்து கொச்சி வரை உள்ள 148 கிலோமீட்டர், நிலத்துக்காரர்களின் எதிர்ப்பால் பல வருஷம் இழுத்து 2019ல்தான் முடிந்தது. ரப்பர் தோட்டத்துக்கு நஷ்டஈடு கேட்க ஆள் இருந்தது. காட்டுக்கு?

இங்கே ஒரு வேடிக்கை. 2006ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் மின்பாதைகளே கிடையாது! காட்டு நிலம் வந்தால் 1980 வனப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி, சரணாலயம் வந்தால் வனவிலங்கு வாரியம், அவ்வளவுதான். எத்தனை ஹெக்டேர், எத்தனை மரம் என்பதுதான் அந்த ஃபைலில் முக்கியக் கணக்கு.

மரக்கணக்கு தப்பு என்று இல்லை. ஆனால் அது பாதிக் கதைதான். 400 கிலோவோல்ட் பாதைக்கு சுமார் 50 மீட்டர் அகலம் ஒதுக்குவது வழக்கம். அத்தனையையும் மொட்டையடிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கம்பிக்கும் கீழே ஒரு குறுகிய பட்டையை வெட்டினால் போதும், பிறகு பெரும்பகுதியை வளரவிடலாம் என்றே மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் வளர்கிற மரம் கம்பியை நெருங்கினால் மறுபடி கழிக்கத்தான் வேண்டும். வெயில் விழுந்த இடத்தில் உண்ணிச்செடி முந்திக்கொள்ளும். தரையில் இறங்க விரும்பாத சோலைமந்திக்கு, கிளைக்குக் கிளை தொடர்பு விட்டுப்போன அந்தப் பட்டை ஒரு ஆறு மாதிரி. யானை சாவது பெரும்பாலும் தாழத் தொங்கும் ஊர்க்கம்பியாலும் தோட்டத்து மின்வேலியாலும்தான். பெரிய பாதையின் மேல் அந்தப் பழியைப் போடுவது நியாயமில்லை. பறவைகளுக்கு எமன் உச்சியில் ஓடும் மெல்லிய தரைக்கம்பி. கண்ணுக்குத் தெரியாமல் மோதிவிடும்.

உண்மையான விஷயம் இடம். செங்கோட்டைக் கணவாய் பெரியாறு காடுகளையும் அகத்தியமலையையும் பிரிக்கிற ஒடுக்கமான பள்ளம். இதில் 1904லிருந்து ரயில், கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை, ஊர்கள், தோட்டங்கள். கணவாய்க்குத் தெற்கே உள்ள யானைகள் மரபணுவிலேயே தனிக்கூட்டம் என்று 2024ல் வெளியான ஆய்வு சொன்னது. மொத்தமே 150 போலத்தான். வேலியை இறுக்க இன்னும் ஒரு கயிறு போதும். ஆனால் ரயிலுக்கு ஒரு ஃபைல், ரோட்டுக்கு ஒரு ஃபைல், கம்பிக்கு ஒரு ஃபைல். மூன்றையும் ஒரே மேஜையில் விரித்துப் பார்க்கும் வேலையை எந்தச் சட்டமும் இந்த மின்பாதையிடம் கேட்கவில்லை.

வழி இல்லாமல் இல்லை. கோபுரத்தை உயர்த்தி மரத்தலைக்கு மேலே கம்பியை இழுக்கலாம். தரைக்கம்பியில் பறவைக்குத் தெரியும்படி அடையாளம் மாட்டலாம். செலவு கூடும். அதை மின்கட்டணத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டியது தென்காசியிலும் கொச்சியிலும் ஃபேன் போடுகிறவர்கள்தான்.