அ.ம.தி.

யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த எழுத்துகளை விளக்கத் தேவையில்லை. சுவாமிமாரின் பெயருக்குப் பின்னால், பூசை அறிவித்தலிலிருந்து கல்லறைக் கல்வரை, அவை வரும். அமலமரித் தியாகிகள். 1816இல் தென்பிரான்சில் எவுஜின் டி மசெனோட் என்ற குருவானவர் தொடங்கிய சபை. 1847இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் வேரூன்றியது. குருநகரில் பிறந்த எனக்கு ஞானஸ்நானம் தந்தவரும், என் தமிழ்க் கொப்பியில் ளகர லகரப் பிழைகளைச் சிவப்புப் பேனையால் சுழித்தவரும் அ.ம.தி.தான்.

இலங்கைக்கு வருவதற்கு ஆறு வருடம் முந்தியே, 1841இல், இதே சபை கனடாவுக்கு வந்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் சரித்திரம் படித்திருக்கிறேன். இது எனக்குத் தெரியவந்தது ஒரு றெஸ்ரோறன்ற் குசினியில்.

சென் ஜேம்ஸ் ரவுணில் நாங்கள் இருக்கும் மாடிக் கட்டடத்திலிருந்து நடந்துபோகிற தூரம்தான் அந்தக் குசினி. (குருநகர்க் கோயிலும் சென் ஜேம்ஸ்தான். எங்கள் யாகப்பர். 1993இல் விமானக் குண்டு விழுந்த கோயில். கடல் கடந்து வந்தும் அவர் பெயருக்குள்தான் குடியிருக்கிறோம்.) நான் இறைச்சி வெட்டுகிறவன். கோப்பை கழுவுகிறவர் வடக்கிலிருந்து வந்த ஒரு கிறீ இனத்தவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒருநாள் என் கழுத்திலிருந்த மாதா பதக்கத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் நாட்டுக்கு இதை யார் கொண்டுவந்தார்கள் என்று கேட்டார். சபையின் பெயரைச் சொன்னேன். அவர் தண்ணீர்க் குழாயை மூடினார்.

அவருடைய தாய் சிறுமியாக இருந்தபோது அந்தச் சபையார் நடத்திய வதிவிடப் பாடசாலை ஒன்றுக்குக் கொண்டுபோகப்பட்டவர். கிறீ பேசியதற்காகத் தோல்வாரால் அடி வாங்கியவர். பிறகு தன் பிள்ளைகளுடன் அந்த மொழியில் ஒரு சொல்லும் பேசியதில்லை. "உங்களையும் அடித்தார்களா, உங்கள் மொழிக்கு?" என்று கேட்டார். அடிக்கவில்லை, தமிழைப் பிழையாக எழுதினால்தான் ஏச்சு விழும் என்றேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பவும் கோப்பைகளை எடுத்தார்.

அதற்குப் பிறகு லீவு நாட்களில் வாசிகசாலைக்குப் போய்த் தேடத் தொடங்கினேன். கனடாவின் வதிவிடப் பாடசாலைகளில் 40க்கும் மேற்பட்டவை அமலமரித் தியாகிகளின் கையில் இருந்தவை. எல்லாச் சபைகளின் பாடசாலைகளையும் சேர்த்தால் சுமார் 150,000 பூர்வீகக் குடிப் பிள்ளைகள் அவற்றுக்குள் போயிருக்கிறார்கள். எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. எங்கள் ஒன்ராறியோவிலேயே, போர்ட் அல்பனியிலிருந்த சென் ஆன்ஸ் பாடசாலையில் பிள்ளைகளை மின்சார நாற்காலியில் இருத்தியிருக்கிறார்கள் என்று பொலிஸ் விசாரணையில் பழைய மாணவர்கள் சாட்சி சொன்னார்கள். இந்தச் சபையே 1874இல் ஒரு கிறீ அகராதியையும் வெளியிட்டது. தொகுத்தவர் அல்பேர்ட் லக்கோம்ப் அடிகள். எங்கள் ஊரில் நல்லூர் ஞானப்பிரகாசர், அவரும் அ.ம.தி.தான், தமிழ்ச் சொற்களின் வேரைத் தேடி 1938இல் ஒப்பியல் அகராதி வெளியிடத் தொடங்கினாரே, அந்த மாதிரி வேலைதான். ஆனால் ஞானப்பிரகாசரின் தமிழை யாரும் பிள்ளைகளின் வாயிலிருந்து அடித்துப் பிடுங்கவில்லை.

ஒரே சபை, ஒரே ஒழுங்கு. பிறகு ஏன் இப்படி? எங்கள் ஆட்கள் சிலர் சட்டென்று சொல்லும் மறுமொழி: நாங்கள் பழைய நாகரிகம், எங்களிடம் இலக்கியம் இருந்தது, அதனால் மதித்தார்கள். எனக்கு இந்தக் கதை பிடிப்பதில்லை. அப்படியென்றால் 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை ஒலிவேறா இடித்தபோது அந்த இலக்கியமெல்லாம் எங்கே போயிருந்தது? அப்போது குருமாருக்குப் பின்னால் போர்த்துக்கேய வாள் நின்றது. 1658இல் ஒல்லாந்தர் வந்து கத்தோலிக்கத்தைத் தடைசெய்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். சில்லாலைச் சனங்கள் ஒளித்துவைத்தால்தான் அவருக்கு உயிர். வாளில்லாத அந்த மனிதர் தமிழைப் படித்து, வீடு வீடாகப் போனார். அமலமரித் தியாகிகள் வந்த காலத்தில் ஆண்டது ஆங்கிலேயன், புரட்டஸ்தாந்துக்காரன். ஒருபக்கம் அமெரிக்க மிஷன், மறுபக்கம் நாவலர். தமிழில் வாதாடாமல் ஒரு ஆத்துமாவும் கிடைக்காது. கூத்தை விட்டுவிடு என்று சொன்னால் கரையூரில் யார் கேட்பார்கள்? எண்டிறிக்கு எம்பரதோரும் மூவிராசாக்களும் மன்னாரில் அண்ணாவியாரின் மெட்டில் ஆடினார்கள், சுவாமிமார் முன்வரிசையில் இருந்து பார்த்தார்கள்.

இங்கேயோ அரசாங்கம் காசும் கொடுத்தது, சட்டமும் கொடுத்தது. பிள்ளையை அனுப்பாத பெற்றோரைத் தண்டிக்க 1920இல் வழிசெய்யப்பட்டது. நல்ல மனதோடு வந்த குருமாரும் இருந்திருப்பார்கள். அந்தச் சட்டம் கையிலிருக்கும்போது நல்ல மனதால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன பிரயோசனம்?

சபை 1991 யூலையில் அல்பேர்ட்டாவின் லாக் சென் ஆன் என்னும் ஏரிக்கரையில் பூர்வீகக் குடிகளிடம் மன்னிப்புக் கேட்டது. 2022இல் பாப்பரசர் பிரான்சிஸ் வந்து கேட்டார், திரும்பிப் போகும் விமானத்தில் அதை இனப்படுகொலை என்றும் சொன்னார். அந்தச் சொல்லுக்காக நாங்கள் எத்தனை ஊர்வலம் போயிருக்கிறோம்.

இதையெல்லாம் ஊருக்கு ரெலிபோனில் சொன்னபோது அம்மாவுக்குக் கோபம். "சுவாமிமாரைப் பற்றி அப்பிடிக் கதைக்காதை மோனை. ஷெல்லடிக்கேக்கை எங்களோடை பங்கருக்குள்ளை கிடந்தது ஆர்?" அதுவும் உண்மை. மறுக்க முடியாது. பிறகு அம்மாவே வேறொரு கதையைத் தொடங்கினா. அவவின் சிறுவயதில் கோயிலில் எந்தச் சாதி எங்கே இருக்கவேண்டும் என்று ஒரு ஒழுங்கு இருந்ததாம். பின்னுக்கு இருக்கிறவை முன்னுக்கு வந்ததில்லையாம். சுவாமிமார் ஒன்றும் சொல்லவில்லையோ என்று கேட்டேன். "அவை என்ன செய்யிறது, ஊர் வழக்கம்" என்றா. ஊர் வழக்கத்தை மதித்தார்கள் என்று நான் மேலே எழுதியதில் இதுவும் அடக்கம். பின்வரிசைக்காரருக்குப் பின்னால் அரசாங்கமும் நிற்கவில்லை, ஊரும் நிற்கவில்லை.

"அப்ப நீ இப்ப பூசைக்குப் போறேல்லையோ?" என்று அம்மா கேட்டா. போகிறேன். ஷேர்போர்ன் வீதி லூர்து மாதா கோயிலில், ஞாயிறு வேலை தொடங்க முன்னம்.