வலப்பக்கத்துச் சொல்

நம் எழுத்து மேசையின் இழுப்பறையில் நீல அட்டையிட்ட சிறு குறிப்பேடு ஒன்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடக்கிறது. பங்குகள் பல மாறினோம். நூல்கள் பலவற்றை இரவல் கொடுத்து இழந்தோம். இக்குறிப்பேட்டை மட்டும் எவரும் இரவல் கேட்டதில்லை. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு கோடு. இடப்பக்கம் ஆங்கிலச் சொல். வலப்பக்கம் அதற்கு நேரான செக் மொழிச் சொல்.

2004ஆம் ஆண்டு, நாம் உரோமை நகரில் இறையியல் உயர்கல்வி பயின்றுகொண்டிருந்தோம். ஒரே இல்லத்தில் நம்மோடு தங்கிப் பயின்ற செக் நாட்டுக் குரு ஒருவர், கோடை விடுமுறைக்குத் தம் தாயார் வீட்டுக்கு வருமாறு அழைத்தார். மொராவியப் பகுதியில், வெலெஹ்ராத் திருத்தலத்திற்கு அண்மையில் அமைந்த சிற்றூர் அது. தாயாருக்கு ஆங்கிலம் அறவே தெரியாது. பொதுவுடைமை ஆட்சிக் காலத்துப் பள்ளிகளில் கட்டாயமாகக் கற்பிக்கப்பட்ட அயல்மொழி உருசியம். அது நமக்குத் தெரியாது. எனவே உரோமையிலேயே ஓர் ஆங்கில-செக் கையகராதியை வாங்கி, அன்றாடம் தேவைப்படும் எனத் தோன்றிய இருநூறு ஆங்கிலச் சொற்களைத் தெரிந்தெடுத்து, ஒன்றுக்கு ஒன்றாக எழுதிக்கொண்டோம். குருமடத்தில் இலத்தீன் வினைத்திரிபுகளை மனனம் செய்து தேறியவர்கள் நாம். இருநூறு சொற்கள் எம்மாத்திரம் என்ற எண்ணம் உள்ளூர இருந்ததை மறைப்பானேன்?

முதல் நாளே அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. 'பிளீஸ்' என்பதற்கு நேராக 'புரொசீம்' என்று எழுதியிருந்தோம். அம்மையார் ரொட்டியை நம் முன் வைத்து 'புரொசீம்' என்றார். நாம் நன்றி கூற, அதற்கும் 'புரொசீம்' என்றார். நாம் முணுமுணுத்தது காதில் விழாதபோது குரலை உயர்த்தி 'புரொசீம்?' என்றார். தொலைபேசி ஒலித்தது, எடுத்து முதற்சொல்லாக 'புரொசீம்' என்றார். ஆங்கிலத்தில் நான்கு வெவ்வேறு தொடர்கள் வேண்டிய இடங்களில் இங்கு ஒரே சொல் நிற்கிறது. அதன் நேர்ப்பொருள் 'வேண்டுகிறேன்' என்பது. ஞாயிறு திருப்பலியில் பொது மன்றாட்டின்போது மக்கள் ஒருமித்துக் கூறிய பதிலுரையிலும் அதே வினை ஒலித்தது. கடைக்காரரிடம் ஒரு கிலோ சர்க்கரை கேட்பதற்கும் கடவுளிடம் மழை கேட்பதற்கும் அம்மக்களுக்கு ஒரே வினைச்சொல்!

வேறு சில இடங்களில் நிலைமை தலைகீழ். 'கோ' என்னும் ஆங்கிலச் சொல் நடந்து போவதற்கும் வண்டியில் போவதற்கும் பொது. செக் மொழியிலோ நடந்து போவது 'யீத்'. ஊர்தியில் போவது 'யெத்'. நம் ஏட்டில் முன்னது மட்டுமே இருந்ததால், உரோமையிலிருந்து வந்த வழியை வினவியவர்களிடம் நடந்தே வந்ததாகச் சொல்லிவைத்தோம். இந்தியக் குருக்கள் கடுந்தவம் செய்பவர்கள் என்று சிலர் நம்பியிருக்கவும் கூடும். 'சர்ச்' என்பதற்கு 'கொஸ்தெல்' என்று எழுதியிருந்தோம். கொஸ்தெல் என்பது கட்டடம். கோட்டை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இறைமக்களின் கூட்டமாகிய திருச்சபைக்கு 'த்சீர்கெவ்' என்று வேறு சொல் உண்டு. இதை அறியாமல், எங்கள் நாட்டில் 'கொஸ்தெல்' சிறியது, ஆயினும் பழமையானது என்று பெருமிதத்தோடு கூறினோம். ஒரு பெரியவர் அன்போடு, எத்தனை பேர் அமரலாம் என்று கேட்டார்.

இங்குதான் நமக்கு முதல் உறுத்தல் ஏற்பட்டது. கோவில் வேறு, திருச்சபை வேறு என்பது நம் ஊர்ச் சிறுவனுக்கும் தெரியும். தமிழிலிருந்து நேரே கேட்டிருந்தால் இப்பிழை நேர்ந்திராது. அதன்பின் ஏட்டைப் புரட்டியபோது இத்தகைய இடங்கள் பல தென்பட்டன. ஆங்கிலத்தில் 'ஹேண்ட்', 'ஆர்ம்' என இரண்டாகப் பிரித்து எழுதி, இரண்டுக்கும் நேராக 'ருக்கா' என்றே எழுதியிருந்தோம். அச்சுப்பிழையோ என்றுகூட அகராதியை ஐயுற்றோம். நமக்கும் தோள் முதல் விரல் வரை 'கை' ஒன்றுதானே! அதுபோலவே காலும் பாதமும் சேர்ந்து 'நொஹா'. கைவிரலுக்கும் கால்விரலுக்கும் ஒரே சொல்: 'ப்ர்ஸ்த்'. (இச்சொல்லில் உயிரெழுத்தே கிடையாது. மெய் மட்டும் தனித்து இயங்காது என்று நமக்குக் கற்பித்த தமிழாசிரியர் இதைக் கேட்டால் என்ன சொல்வாரோ!) 'நீ', 'நீங்கள்' என்னும் வேறுபாடு ஆங்கிலத்தில் இன்று இல்லை, அங்கு 'தி', 'வி' என இரண்டும் உள்ளன.

அம்மையார் நம்மை 'ஒத்சே' என்று அழைப்பார். அகராதியில் தேடினோம், கிடைக்கவில்லை. தந்தைக்கு 'ஒதெத்ஸ்' என்றே இருந்தது. கர்த்தர் கற்பித்த செபத்தை அவர்கள் சொல்லக் கேட்டபோது, முதற்சொல்லாக அதே 'ஒத்சே' வந்தது. பிறகுதான் விளங்கிற்று: தந்தை என்பது 'தந்தையே' என்று ஆவதுபோன்ற விளிவேற்றுமை அது. செக் இலக்கணத்தில் வேற்றுமைகள் ஏழு. நன்னூல் கூறுவது எட்டு. இரண்டிலும் அழைப்பதற்கென்று ஒரு வேற்றுமை உண்டு. ஆங்கிலச் சொல்லோ அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் உருமாறாமல் நிற்கும். அகராதியில் பெயர்கள் இருக்கும், அழைப்பு இருப்பதில்லை.

இவையெல்லாம் சிரித்துக் கடந்த பிழைகள். இனிக் கூறப்போவது அத்தகையதன்று.

நாம் அங்கிருந்த மூன்றாம் வாரத்தில் அண்டை வீட்டு முதியவர் ஒருவர் இறந்தார். பங்குத்தந்தை வெளியூர் சென்றிருந்ததால் நம் நண்பர் ஆறுதல் கூறப் புறப்பட்டார். நாமும் உடன் சென்றோம். நண்பர் அடுத்த அறையில் பிள்ளைகளோடு அடக்கத் திருப்பலி பற்றிப் பேசிக்கொண்டிருக்க, நாம் அந்த விதவைத் தாயின் அருகே தனியே அமர்ந்திருந்தோம். ஏதேனும் சொல்லவேண்டும் என்று தோன்றியது. ஆங்கிலேயர் இழவு வீட்டில் கூறும் 'சாரி' நினைவுக்கு வந்தது. ஏட்டில் அதற்கு நேராக 'புரொமிஞ்தெ' என்று இருந்தது. அதைச் சொன்னோம். அவர் விளங்காமல் நம்மைப் பார்த்தார். நம் உச்சரிப்பே குற்றம் என்று கருதி, நெஞ்சில் கைவைத்து, மெதுவாக, திரும்பவும் இருமுறை சொன்னோம்.

அவர் முகம் மாறியது. நம் கையை இறுகப் பற்றிக்கொண்டு ஏதேதோ பேசி அழத் தொடங்கினார். அது ஆறுதலின் கண்ணீர் என்றே எண்ணினோம். நண்பர் ஓடிவந்தார், நம்மை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவரோடு ஒரு மணி நேரத்திற்கும் மேலாக இருந்துவிட்டு வந்தார்.

'புரொமிஞ்தெ' என்றால் 'மன்னியுங்கள்' என்று பொருள். கால் மிதிபட்டால், வழிவிடக் கேட்டால் சொல்வது. கணவரை இழந்து அமர்ந்திருந்தவரிடம், அயல்நாட்டுக் குரு ஒருவர் மும்முறை நெஞ்சில் கைவைத்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார். 'நீங்கள் ஏன் என்னிடம் கேட்கிறீர்கள்? கேட்கவேண்டியவள் நானல்லவா? அவர் கேட்டபோது குருவை அழைக்காமல் நாளைக்கு என்று தள்ளிப்போட்டேனே!' என்பதே அவர் எல்லார் காதிலும் விழும்படி அழுதுசொன்னது. அம்முதியவர் நோயில்பூசுதல் பெறாமலே இறந்திருந்தார்.

நெஞ்சில் கிடந்த சுமையை இறக்கிவைக்க நம் பிழை உதவிற்று என்று நண்பர் பிறகு தேற்றினார். அப்படிச் சொல்லிக்கொள்ள நமக்கு இன்றும் துணிவு வரவில்லை. ஆறுதலாக ஒரு சொல்லை எதிர்பார்த்தவரிடம் குற்றவுணர்வைத் தூண்டிவிட்டு வந்தோம்.

அன்றிரவு அம்மையார் நம் ஏட்டைக் கேட்டு வாங்கினார். சமையலறைச் சுவரில் பிராகா நகர்க் குழந்தை இயேசுவின் படம் இருந்தது. நம் ஊர் வீடுகளில் உள்ள அதே முடியும் அங்கியும். அவர்கள் அதை 'யெசுலாத்கோ' என்பார்கள், குட்டி இயேசு என்று கொஞ்சுவதுபோல. அப்படத்தின் கீழ் அமர்ந்து, 'சாரி' என்னும் சொல்லின் வலப்பக்கத்தில் தம் கையெழுத்தால் மேலும் சில சொற்களை எழுதினார். சிறு பிழைக்கு 'புரொமிஞ்தெ'. பெரும் பாவத்திற்கு, கர்த்தர் கற்பித்த செபத்தில் வரும் 'ஒத்புஸ்தித்' என்னும் வேறு வினை. சாவு வீட்டில் முறையாகக் கூறுவது 'சோஸ்த்ராஸ்த்': உடன் துன்புறுதல் என்பது அதன் அமைப்பு. இறுதியாக 'யெ மி லீத்தொ' என்று எழுதி, 'மி' என்பதன் கீழ் கோடிட்டார்.

நண்பர் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துக் காட்டினார். 'மி' என்றால் 'எனக்கு'. 'எனக்கு வருத்தமாயிருக்கிறது'! ஆங்கிலேயர் 'நான் வருத்தம்' என்கிறார். 'நான் குளிர்' என்கிறார். செக் மொழியில் 'யெ மி சிமா', எனக்குக் குளிராயிருக்கிறது. வயதும் அப்படியே, எனக்கு இத்தனை ஆண்டுகள். பிடித்திருப்பதும் அப்படியே. நான்காம் வேற்றுமையை நாம் தாய்ப்பாலோடு பருகியவர்கள். வருத்தமும் குளிரும் மனிதனாகிய நம்மிடம் வந்து சேர்பவை என்று நம் மொழி என்றைக்கோ அறிந்திருந்தது. அதைப் பூட்டிவைத்துவிட்டு, அகராதி ஆங்கிலத்தில் இருந்த ஒரே காரணத்தால், நாமும் ஆங்கிலேயரைப்போல் துக்கம் விசாரிக்கச் சென்றோம். நம் ஊர் வழக்கப்படி பேசாமல் அருகே அமர்ந்து கையைப் பிடித்திருந்தால்கூடப் போதுமானதாக இருந்திருக்கும்.

ஜூலை 5ஆம் நாள் புனிதர் சிரில், மெத்தோடியு பெருவிழாவிற்கு வெலெஹ்ராத் சென்றபோது இவ்வெண்ணமெல்லாம் நமக்கு இருக்கவில்லை; துக்கம் நிகழ்ந்தது அதற்குப் பின். உரோமைக்குத் திரும்பியதும், புனித கிளமெந்து ஆலயத்தில் சிரிலின் கல்லறை முன் சற்று நேரம் நின்றோம். 863ஆம் ஆண்டில் மொராவியாவுக்கு வந்தவர் அவர். எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மூன்று மொழிகளில் மட்டுமே இறைவனைப் புகழலாம் என்று வாதிட்டவர்களை வெனிசு நகரில் எதிர்த்து நின்றவர். எழுத்தே இல்லாத மொழிக்கு எழுத்தமைத்து நற்செய்தியைப் பெயர்த்தவர். அவருக்குக் கையகராதி எதுவும் கிடைத்திருக்க வழியில்லை. யாரிடம் கேட்டாரோ, எத்தனை வீடுகளில் அமர்ந்து கேட்டாரோ என்று எண்ணிக்கொண்டோம்.

அந்த இரவில் அம்மையாருக்கு நாமும் ஒரு சொல் கற்பித்திருந்தோம். 'மி' என்பதற்கு உங்கள் மொழியில் என்ன என்று கேட்டார். 'எனக்கு' என்றோம். அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. அடுத்த குளிர்காலத்தில் அடுப்பருகே அமர்ந்து, 'எனக்கு சிமா, எனக்கு சிமா' என்று சொல்லிச் சிரித்ததாக நண்பர் எழுதியிருந்தார்.

2019ஆம் ஆண்டு சனவரியில் அம்மையார் இறந்த செய்தி வந்தது. நாம் தொலைபேசியில் அழைத்தோம். நண்பர் எடுத்து 'புரொசீம்' என்றார். 'யெ மி லீத்தொ' என்றோம். அதற்குமேல் நமக்கும் எதுவும் வரவில்லை; அவரும் நெடுநேரம் பேசவில்லை. அடக்கத் திருப்பலி எப்போது என்று பிறகு கேட்டோம். மறுநாள் காலை என்றார். கோவிலில் கணப்பு வேலை செய்யவில்லையாம். 'எனக்கு சிமா' என்றார்.