திரையில் ஏறிய செட்டிநாடு

எங்கள் தியாகராய நகர் அடுக்ககத்தில் காரைக்குடிப் பக்கத்துக் குடும்பங்கள் சில உண்டு. மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், கோயம்புத்தூரிலிருந்து வந்தவர்கள், நெல்லைக்காரர்கள் என்று எல்லோரும் கலந்து வாழ்கிறோம். ஏதாவதொரு சேனலில் 'செட்டிநாட்டு ஸ்பெஷல்' என்று சமையல் நிகழ்ச்சி வந்துவிட்டால், மறுநாள் காலை காய்கறி வண்டியைச் சுற்றி அதுதான் பேச்சு. கோவைக்காரர் பிரமாதம் என்பார். நெல்லைக்கார அம்மா அதற்குள் செய்தே பார்த்திருப்பார். மூன்றாம் மாடி ஆச்சி மட்டும் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்தபடி, "நல்லாத்தான் செஞ்சாக. ஆனா எங்க வீட்ல அப்படிச் செய்ய மாட்டோம்" என்பார்.

ஆச்சியின் பேச்சில் கோபம் இருக்காது. ஆனால் ஒரு வருத்தம் இருக்கும். தன் ஊர்ப் பெயரைச் சொல்லி வேறு யாரோ பேசும்போது எவருக்கும் வருகிற வருத்தம் அது. அதைப் பொருட்படுத்த வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஒரு சமூகத்தின் சாப்பாட்டைத் தொலைக்காட்சியில் செய்து காட்டுகிறவர், அந்தச் சமூகத்தைப் பற்றியும் நாட்டுக்குச் சேதி சொல்கிறார். அந்தச் சேதி சரியாகப் போய்ச் சேர வேண்டும்.

நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கின்றன. பின்னால் மரத்தூண் போல வண்ணம் பூசிய அட்டை, மேசை மேல் பித்தளைப் பாத்திரங்கள், வாழையிலை. கடாயில் எண்ணெய் காய்ந்ததும் கல்பாசி, அன்னாசிப்பூ, மராத்தி மொக்கு, சோம்பு, கைநிறைய வரமிளகாய், மிளகு என்று போய்க்கொண்டே இருக்கும். கோழித்துண்டுகள் கரும்பழுப்பு மசாலாவில் புரளும். "காரம் தூக்கலா இருக்கணும், அதுதான் செட்டிநாடு" என்று சமையல்காரர் முடிப்பார். தொகுப்பாளர் ஒரு வாய் வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சிக் காட்டுவார். காரம்தான் செட்டிநாடு என்ற எண்ணம் இப்படித்தான் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

இதற்குத் தொலைக்காட்சியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. சென்னைக்குச் செட்டிநாட்டுச் சாப்பாட்டை முதலில் பரவலாக அறிமுகப்படுத்தியவை ஓட்டல்கள். அஞ்சப்பர் 1964-ல் தொடங்கியது. மயிலாப்பூர் இராதாகிருஷ்ணன் சாலையில் காரைக்குடி என்ற பெயரிலேயே உணவகம் வந்தது. கன்னிமாரா ஓட்டலின் ரெயின்ட்ரீ இந்தச் சமையலை நட்சத்திர ஓட்டலின் மேசைக்குக் கொண்டுபோனது. இந்த ஓட்டல்களுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அசைவம் சாப்பிடத்தான் போவார்கள். மதியம் வைத்த குழம்பு இரவு வரை தாங்க வேண்டும், நூறு பேருக்கும் ஒரே ருசியில் பரிமாற வேண்டும். அதற்கு மசாலா தூக்கலான பண்டங்களே கைகொடுத்தன. தொலைக்காட்சிக்கு வந்த சமையல் கலைஞர்களில் பலர் ஓட்டல் சமையற்கட்டில் பயின்றவர்கள். தாங்கள் கற்றதை அவர்கள் செய்து காட்டினார்கள். அது ஓட்டல் செட்டிநாடு. ஆச்சி வீட்டு அடுப்பு அந்த வழியில் எங்குமே இல்லை.

செட்டிநாட்டுச் செட்டியார்களான நகரத்தார் ஒன்பது கோயில்களை அடையாளமாகக் கொண்ட சமூகம். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இன்று எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் அவர்களுடைய பெரிய வீடுகள் நிற்கின்றன. பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று வணிகத்துக்காகக் கொண்டுவிக்கப் போனவர்கள், பணத்தோடு பண்டங்களையும் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். விசேஷங்களில் தேங்காயும் சர்க்கரையும் சேர்த்துப் பரிமாறுகிற கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்தது. இவர்கள் சைவ நெறியில் ஊறியவர்கள். கல்யாணப் பந்தியில் சைவச் சாப்பாடுதான். கந்தரப்பம், மனகோலம், கும்மாயம், உக்காரை, பால் பணியாரம், சீயம் என்று பலகாரப் பட்டியலே ஒரு பக்கம் போகும். வெண்டைக்காய் மண்டிக்கு அரிசி களைந்த தண்ணீரில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் பச்சை மிளகாயும் சேர்ப்பார்கள். அதில் கல்பாசிக்கு வேலையே கிடையாது. திரையில் வருகிற கோழி மசாலாவை வைத்து இந்தச் சமையலை எடைபோடுகிறவர்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

ஒரு மாலை ஆச்சி வெள்ளைப் பணியாரம் சுடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பச்சரிசியை ஆழாக்கில் தலைதட்டி அளந்து, அதே ஆழாக்கின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்தார். குவிகிற மட்டும்தான் உளுந்தின் அளவு. இரண்டையும் சேர்த்து ஊறவைத்து, வெண்ணெயாக அரைத்து, உப்பும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் கொஞ்சம் பாலும் சேர்த்துக் கரைத்தார். மாவைக் காக்க வைக்கவில்லை. "வச்சிருந்தா எண்ணெய் குடிக்கும்" என்றார். குழிக்கரண்டியால் ஒரே ஊற்றாக எண்ணெயில் விட, மாவு அடியில் போய், பிறகு தானே மேலே வந்து உப்பியது. ஒருமுறை திருப்பிவிட்டு, நிறம் மாறுவதற்குள் எடுத்துவிட்டார். ஓரத்தில் மட்டும் மெல்லிய முறுகல், நடுவில் பஞ்சு. தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல். காரம் அந்தத் துவையலில் இருந்தது. பணியாரம் சாதுவாக இருந்தது. சாதுவான ஒன்றும் காரமான ஒன்றும் ஒரே தட்டில் சேர்வதுதான் இந்தச் சமையலின் கணக்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது.

இதே பணியாரத்தை ஒரு நிகழ்ச்சியில் சமையல் சோடா போட்டுச் சுட்டதைப் பார்த்திருக்கிறேன். நன்றாகவே உப்பியது. ஆனால் அந்த ஆழாக்குக் கணக்கு எவ்வளவு பெரிய அறிவு! தராசும் கிராமும் இல்லாமல், தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கைமாற்றிக் கொடுத்த சூத்திரம். சோடா போட்டால் பணியாரம் கிடைத்துவிடும், அந்த அறிவு கிடைக்காது.

இந்த வழக்கு நமக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கேஜன் என்ற பிரெஞ்சு வழிச் சமூகம் உண்டு. கனடாவின் கிழக்குக் கரையில் குடியிருந்த இவர்களுடைய முன்னோரை 1755 முதல் ஆங்கிலேயர் ஊரைவிட்டே துரத்தினார்கள். அவர்களில் பலர் லூசியானாவுக்கு வந்து சேர்ந்தார்கள். 1921-ல் அந்த மாநிலத்தின் அரசமைப்புச் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலம் மட்டுமே என்றது. அதன் பிறகு வீட்டுப் பிரெஞ்சில் பேசிய குழந்தைகளுக்குப் பள்ளியில் தண்டனை கிடைத்தது. இவர்களுடைய சமையலை அமெரிக்கத் தொலைக்காட்சியில் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஜஸ்டின் வில்சன். 1914-ல் பிறந்து 2001-ல் மறைந்த அவர், நகைச்சுவைக் கதைகள் சொல்லிப் பெயர் எடுத்தவர். கேஜன் மக்கள் பேசுகிற ஆங்கிலத்தை மிகைப்படுத்திப் பேசிக்கொண்டே சமைப்பார். நாடு ரசித்தது. லூசியானாவில் கருத்து இரண்டுபட்டது. எங்கள் பேச்சைக் கேலிப்பொருளாக்கிவிட்டார் என்றார்கள் சிலர். அவரால்தான் எங்கள் சாப்பாடு நாலு பேருக்குத் தெரிந்தது என்றார்கள் வேறு சிலர். வீட்டுப் பிரெஞ்சில் பேசியதற்காகப் பள்ளியில் தண்டனை பெற்ற ஒரு தலைமுறைக்கு, தாங்கள் பேசுகிற ஆங்கிலமும் திரையில் சிரிப்பு மூட்டுவதைக் காண எப்படி இருந்திருக்கும்? அந்த வருத்தத்தை நான் நியாயம் என்றே சொல்வேன்.

நம் திரையிலும் செட்டியார் என்றால் கஞ்சன், வட்டிக்கணக்கு என்று ஒரு நையாண்டி வெகுகாலம் ஓடியது. சமையல் நிகழ்ச்சிகளில் அது இல்லை என்பது ஆறுதல். ஆனால் 'வாக, போக' என்று ஆச்சிமார் பேச்சை நடித்துக் காட்டிச் சிரிப்பு வாங்குகிற பழக்கம் அங்கங்கே தலைகாட்டுகிறது. அது வேண்டாம். சென்னையில் நகரத்தார் நேற்று வந்தவர்கள் இல்லை. இராஜா அண்ணாமலைபுரம் என்று ஒரு பகுதியே ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயரைத் தாங்கி அடையாற்றின் பக்கத்தில் இருக்கிறது. கவிஞர் கண்ணதாசன் சிறுகூடல்பட்டியில் பிறந்து இந்நகரத்துக்கு வந்து வாழ்ந்தவர். ஹென்ஸ்மன் சாலை இன்று அவர் பெயரில் வழங்குகிறது.

அந்தக் கண்ணதாசனின் மகள் ரேவதி சண்முகம் திரையில் சமைக்கிறபோது ஆச்சி குறை சொல்லி நான் கேட்டதில்லை. அவருடைய யூடியூப் சேனலின் பெயரிலேயே கவிஞர் வீட்டுச் சமையல் இருக்கிறது. எந்த வீட்டுச் சமையல் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. எல்லாச் செட்டிநாட்டுக்கும் சேர்த்து அவர் பேசவில்லை, தன் வீட்டுக்காகப் பேசுகிறார். அதனாலேயே மற்ற வீட்டுக்காரர்களும் அவரை நம்புகிறார்கள். சன் தொலைக்காட்சியின் 'ஆஹா என்ன ருசி'யில் வந்த ஜேக்கப் சகாயகுமாரையும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். அவர் தேனி மாவட்டத்து உத்தமபாளையத்துக்காரர். கொங்குநாட்டுச் சமையலைத் தேடிப்போய்க் கற்றுத் திரைக்குக் கொண்டுவந்தார். 2012-ல், சின்ன வயதிலேயே போய்விட்டார். வெளியூர்க்காரர் ஒருவர் வேறோர் ஊரின் சமையலை மரியாதையோடு காட்ட முடியும் என்பதற்கு அவரே சாட்சி. ஆகவே பிறப்பை வைத்து யாருக்கும் தடை போட வேண்டியதில்லை. செட்டிநாட்டு மண்ணிலும் நகரத்தார் மட்டும் வாழவில்லை. அங்குள்ள மற்றச் சாதியினரின் அடுப்பும், இஸ்லாமியர் வீட்டு அடுப்பும், காரைக்குடி மெஸ்களின் அடுப்பும் அந்த ருசிக்குச் சொந்தம் கொண்டாடலாம்.

திரைச் சமையல் செய்கிற நன்மையையும் மறுக்கக் கூடாது. மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951-ல் வந்தபோது, தாய்வீட்டை விட்டுத் தொலைதூரம் போன மயிலாப்பூர்ப் பெண்களுக்கு அது அம்மா நின்ற இடத்தில் நின்றது. அந்த வேலையை இன்று திரை செய்கிறது. ஆச்சியின் பேத்தி வெளிநாட்டில் இருக்கிறாள். பாட்டியிடம் கேட்கக் கூச்சப்பட்டு, வீடியோ பார்த்துத்தான் கும்மாயம் கிண்டினாளாம். நன்றாக வந்தது என்று படம் அனுப்பினாள். ஆச்சிக்கு அவ்வளவு சந்தோஷம். படத்தை வண்டிக்காரர் உட்பட எல்லோருக்கும் காட்டினார். இப்படித் தலைமுறைகள் திரையிலிருந்து கற்கின்றன என்பதாலேயே அதில் சொல்வது சரியாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். பாட்டியின் கைப்பக்குவத்தைப் பார்க்காத பெண்ணுக்கு, வீடியோவில் பார்த்ததுதான் மூலம்.

சமையல் கலைஞர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமில்லை. எந்த ஊரில், யார் வீட்டில், எந்த மெஸ்ஸில் கற்றீர்கள் என்று தொடக்கத்தில் ஒரு வரி சொல்லுங்கள். எதை மாற்றினீர்கள் என்று முடிவில் ஒரு வரி சொல்லுங்கள். காரத்தைக் குறைத்திருந்தாலும் கூட்டியிருந்தாலும் பாதகமில்லை, சொல்லிவிட்டால் போதும். அரைமணி நேர நிகழ்ச்சியில் இதற்கு ஒரு நிமிடம் ஆகாது.

நேயர்களுக்கும் ஒரு கடமை உண்டு. வீட்டில் ஆழாக்கு வைத்து அளக்கிற ஆச்சியோ, அப்பத்தாவோ, பாட்டியோ இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து அளவைக் கேட்டு எழுதி வையுங்கள். அப்போதுதான் திரையில் வருவது சரியா தவறா என்று சொல்ல வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்.