மிலிட்டரி ஐயா

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பார்க்கிறவங்களுக்குத் தெரியும், கேட்ல நிக்கிற செக்யூரிட்டிகள்ல பலபேர் பழைய ராணுவக்காரங்க. எங்க கம்பெனியில முன்னாடி இருந்தவரை மிலிட்டரி ஐயான்னுதான் கூப்பிடுவோம். லாரி உள்ளே வந்த நேரத்தை நிமிஷம் வரைக்கும் எழுதி, கையெழுத்து வாங்காம விடவே மாட்டார். டிரைவருங்க திட்டாத நாள் இல்லை :-)

1971 போர்ல அவர் சிக்னல்ஸ் பிரிவுல டெஸ்பாட்ச் ரைடர். சுருக்கமா டி.ஆர். வயர்லெஸ் இருக்கும்போது பைக்ல எதுக்குக் கடுதாசின்னு ஒருநாள் கேட்டேன்.

"வயர்லெஸ்ஸை எதிரியும் கேப்பான் தம்பி. டெலிபோன் ஒயர் குண்டு விழுந்தா அறுந்துடும். சரி, மேப்பை வயர்லெஸ்ல எப்படி அனுப்புவே?"

நியாயம்தானே!

ஜம்மு எல்லையில சாம்பா பக்கம், டிசம்பர் குளிர். ஹெட்லைட்டுக்குக் கருப்பு அடிச்சு, ஒரு கீத்து வெளிச்சம் மட்டும் விட்டிருப்பாங்க. முன்னால போற கான்வாய் கிளப்புற புழுதியில அதுவும் தெரியாதாம். உறையைக் கொடுக்கணும், வாங்கினவர்கிட்ட நேரம் போட்டு கையெழுத்து வாங்கணும். அவ்வளவுதான் வேலை. உள்ளே என்ன இருக்குன்னு கடைசிவரை தெரியாது.

"அந்த புல்லட் எங்க செஞ்சது தெரியுமா? நம்ம திருவொற்றியூர்! பொன்னேரியிலேர்ந்து மெட்ராஸுக்கு ரயில் ஏறினா அந்த ஸ்டேஷனைத் தாண்டித்தானே போகணும். ஊர் நினைப்பு வந்தா டேங்கைத் தட்டிக் கொடுத்துக்குவேன்."

(ராணுவம் கேட்ட 800 புல்லட்தான் 1955ல மெட்ராஸ்ல என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிக்க முக்கியக் காரணம். இது நான் பிற்பாடு படிச்சது.)

இதெல்லாம் சிரிச்சுக்கிட்டே எத்தனை தடவை வேணாலும் சொல்வார். இன்னொண்ணை ஒரே ஒரு தடவைதான் சொன்னார்.

டிசம்பர் 17 ராத்திரி மேற்கு எல்லையில சண்டை நின்னுச்சு. பல நாள் கழிச்சு 56 ஏ.பி.ஓ. வழியா அவருக்கு ஒரு இன்லண்ட் லெட்டர். அம்மா தவறிட்டாங்க. அண்ணன் கொள்ளி வச்சு, காரியமும் முடிஞ்சாச்சு. தந்தியும் கொடுத்திருக்காங்க. யூனிட் இடம் மாறிக்கிட்டே இருந்ததுல அது எங்கேயோ போயிடுச்சு. அம்மா போன தேதியைப் பார்த்துட்டு, அன்னிக்கு நாம எங்கே இருந்தோம்னு கணக்குப் போட்டிருக்கார்.

"அன்னிக்கு ராத்திரி நான் கொண்டுபோன உறை நாப்பது நிமிஷத்துல போய்ச் சேர்ந்துச்சு தம்பி. கையெழுத்து இருக்கு."

நான் ஒண்ணும் பேசலை. அவரே சொன்னார், லீவு கிடைச்சு ஊருக்கு வந்தப்ப பங்குனி ஆயிடுச்சாம். ஆரணியாத்துல தண்ணி இல்லை. மணல்ல ஊத்துத் தோண்டி, அதுல தலை முழுகிட்டுத்தான் வீட்டுக்குள்ளே போனாராம்.