படக்கதைப் பித்தன் ஒருவனின் அபிப்பிராயங்கள்

முப்பத்தாறு வயது, இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன், ரெயில்வே சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தா. இத்தகைய ஒருவன் படக்கதைப் புத்தகமும் கையுமாக இருந்தால் உலகம் சிரிக்கத்தான் செய்யும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நான் தமிழை எழுத்துக்கூட்டப் பழகியது பாடப் புத்தகத்தில். தங்குதடையின்றிப் படிக்கப் பழகியதோ சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸிலும் லயன் காமிக்ஸிலும். 1962-இல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் பிறந்த உலோகக் கை மனிதன், 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யாகத் தமிழுக்கு வந்தான். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நகரும் அந்தக் காட்சியைப் பழைய புத்தகக் கடைப் பிரதியில் கண்ட நாள்முதல் எனக்கு இந்தப் பித்துத் தெளியவில்லை.

இன்று நாகபுரியில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கப் படக்கதைகளை ஆங்கிலத்திலேயே படிக்கிறேன். மெட்ரிகுலேஷன் ஆங்கிலம் அதற்குப் போதும். போதாத இடத்தில் படம் கைகொடுக்கும்.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். அதிசய வீரர்களின் கதைகளில் எவரும் உண்மையாக இறப்பதில்லை. 1992-இல் சூப்பர்மேன் மாண்டான், உலகமே அழுதது, மறு ஆண்டே திரும்பி வந்துவிட்டான். மரணத்துக்கு மதிப்பில்லாத கதையில் வீரத்துக்கும் மதிப்புக் குறைந்துவிடுகிறது. இரண்டாவது குறை, ஒரு கதையின் முடிவை அறிவதற்குப் பத்துப் புத்தகங்களை வாங்கச் செய்யும் வியாபாரத் தந்திரம். மாதச் சம்பளக்காரனிடம் இந்தத் தந்திரம் பலிக்காது.

ஆயினும் அண்மையில் வந்த சில தொடர்கள் என் மனத்தைக் கவர்ந்தன. 2024-இல் ஜொனாதன் ஹிக்மன் எழுத, மார்கோ செக்கெட்டோ வரையத் தொடங்கிய ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ அவற்றுள் ஒன்று. நாம் அறிந்த பீட்டர் பார்க்கர் பள்ளி மாணவன். இவனோ மணமானவன், ஒரு மகனுக்கும் ஒரு மகளுக்கும் தகப்பன். சிலந்தியின் சக்தி அவனை வந்தடைவதே முப்பது வயதைக் கடந்த பிறகுதான். வீட்டில் உறங்கும் குழந்தைகளை எண்ணிப் பார்த்துவிட்டு ஆபத்தில் இறங்கவேண்டிய வீரன்! என்போன்றோர் இவனைப் புரிந்துகொள்ள அகராதி வேண்டியதில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் ஸ்காட் ஸ்னைடரும் நிக் டிரகோட்டாவும் தொடங்கிய ‘அப்ஸல்யூட் பேட்மேன்’ துணிச்சலான முயற்சி. இதில் வௌவால் மனிதனுக்கு மாளிகை இல்லை, கோடிகள் இல்லை. தந்தை பள்ளி ஆசிரியர். துப்பாக்கிச் சூட்டில் மாண்டவர். தாய் உயிரோடிருக்கிறாள். பணக்காரனின் பொழுதுபோக்காக இருந்த நீதி, உழைப்பாளியின் கோபமாக மாறும்போது கதைக்கே வேறு வலிமை வந்துவிடுகிறது. ஆனால் மார்பிலுள்ள சின்னத்தையே கோடரியாக்கி அவன் வெட்டும் வெட்டுகளில் ரத்தம் அளவு மீறிப் பாய்கிறது. வளர்ந்த பிள்ளைகளுக்கன்றி மற்றவர்களுக்கு இதைக் கொடுக்கமாட்டேன்.

சூப்பர்மேனைப் பற்றி நம்போன்ற குடும்பங்களுக்குத் தனியாக ஒரு சொல் உண்டு. அவனை 1938-இல் உலகுக்கு அளித்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும், பிழைப்புத் தேடிக் குடிபெயர்ந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். வெறும் 130 டாலருக்கு அவனுடைய உரிமையை விற்றுவிட்டார்கள். சொந்த மண்ணை இழந்து அந்நிய மண்ணில் வளரும் குழந்தையின் கதை அவர்களுக்குத் தோன்றியதில் வியப்பென்ன? என் மகளின் பெயரில் ஒரு ழகரம் உண்டு. பள்ளியில் அதை லகரமாக்கியே அழைக்கிறார்கள். அவளும் அங்கே அவ்வாறே சொல்லிக்கொள்கிறாள். பிறந்த இடத்தில் ‘கல்-எல்’, வளர்ந்த இடத்தில் ‘கிளார்க்’ என்று படித்ததும், “இவனுக்கும் ரெண்டு பேரா அப்பா?” என்று கேட்டாள். நான் வாயடைத்துப் போனேன்.

இனிப் பேய்க்கதைகள். இன்றைய படக்கதைகளில் இவையே தரத்தில் உயர்ந்தவை என்பது என் துணிபு. அல் யூவிங் 2018 முதல் 2021 வரை ஐம்பது இதழ்களில் எழுதிய ‘இம்மார்ட்டல் ஹல்க்’, பச்சை நிற முரடனைச் சாவிலிருந்து இரவுதோறும் எழும் பூதமாக மாற்றிக் காட்டியது. ஆரம்பமும் முடிவும் உள்ள கதை. அதனாலேயே நெஞ்சில் நிற்கிறது. 2019-இல் ஜேம்ஸ் டைனியனும் வெர்தர் டெல்எடெராவும் தொடங்கிய மற்றொரு தொடரில் ஓர் ஊரின் குழந்தைகள் கொல்லப்படுகிறார்கள். கொல்லும் பூதங்கள் குழந்தைகளின் கண்ணுக்கே தெரிகின்றன. அவர்கள் சொல்வதைப் பெரியவர்கள் நம்புவதில்லை. அந்தக் கதையில் என்னை நடுங்கவைத்தது பூதமன்று, பெரியவர்களின் அந்த அவநம்பிக்கைதான். பெற்றோர் படிக்கவேண்டிய கதை, பிள்ளைகளுக்கு உரியதன்று.

“இவையெல்லாம் சிறுவர்களைக் கெடுத்துவிடும், சங்க நூல்நிலையத்துக்குப் படக்கதைகளே வேண்டாம்” என்று நம் அன்பர்கள் சிலர் கருதுகிறார்கள். இந்த வாதம் புதிதன்று. 1954-இல் அமெரிக்காவில் பிரெடரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர் இதையே நூலாக எழுதினார். செனட் சபைக் குழு விசாரித்தது. பதிப்பாளர்கள் அஞ்சித் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். பேய்க்கதை இதழ்கள் மறைந்தன. 1971 வரை ரத்தக்காட்டேரிக்குக்கூட அனுமதி இல்லை. அக்கட்டுப்பாடு 2011-இல் முற்றிலும் ஒழிந்தது. அடுத்த ஆண்டு கரோல் டில்லி என்னும் பேராசிரியை வெர்தமின் குறிப்பேடுகளை ஆராய்ந்து, சிறுவர்கள் சொன்னவற்றை அவர் திரித்து எழுதியிருப்பதை வெளிப்படுத்தினார். நல்லெண்ணம் வேறு, நல்ல சான்று வேறு.

பேய் நம் இலக்கியத்துக்கு அந்நியமா? கலிங்கத்துப் பரணியில் பேய்கள் போர்க்களத்திலேயே கூழ் அடுகின்றன. விக்கிரமாதித்தன் தோளில் வேதாளத்தைச் சுமக்கிறான். நம் பாட்டிமார் இருட்டில் சொல்லாத பேயா?

பேயைக் கண்டு என் பிள்ளைகள் அஞ்சுவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை; தமிழெழுத்தைக் கண்டு அஞ்சுவதுதான் என் கவலை. எட்டு வயதாகும் என் மகன் தமிழ் பேசுவான், படிக்கமாட்டான். சென்ற கோடையில் மாயாவியின் கதை ஒன்றை அவன் கையில் கொடுத்தேன். படங்களைப் பார்த்துவிட்டு, “என்ன எழுதியிருக்கு?” என்றான். நான் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டான். மூன்றாம் நாள் ஒரு மூலையில் ‘மி-ன்-சா-ர-ம்’ என்று முணுமுணுக்கும் குரல் கேட்டது. எத்தனை முறை அதட்டியும் நடவாத காரியத்தை ஓர் இரும்புக்கை நடத்திவிட்டது.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. நூல்நிலையத்தில் ஓர் அடுக்கைத் தமிழ்ப் படக்கதைகளுக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொன்றையும் பெற்றோர் ஒருவர் முன்னதாகப் படித்து, எவ்வயதினருக்கு உரியது என்று அட்டையில் குறித்துவைக்கட்டும். கொடியவற்றை உயரத்தில் வையுங்கள். நல்லவற்றைக் குழந்தையின் கைக்கு எட்டும்படி வையுங்கள். முதற் சந்தாவாக என்னிடமுள்ள பன்னிரண்டு புத்தகங்களை அளிக்கச் சித்தமாயிருக்கிறேன். அவற்றின் ஓரங்கள் கிழிந்து திரும்பி வந்தால் மிகவும் மகிழ்வேன்.