வண்டி நிற்குமிடம்

பங்குனி உத்திரத்துக்குக் குடும்ப சாஸ்தாவைப் பார்க்கக் கோவில்பட்டிக்குத் தெற்கே போவோம். 1970களில் சென்னையிலிருந்து அது ஒரு முழுப் பகல் பிரயாணம். ஏறத்தாழ 550 கிலோமீட்டர். அப்பாவின் சிநேகிதர் ஒருவருடைய அம்பாசடரில் ஏழு பேர். விடியற்காலை நாலு மணிக்குள் தாம்பரம் தாண்டிவிட வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். எங்கே, என்ன சாப்பிடுவது என்பதும் அவருடைய சட்டம்தான்.

அந்தச் சட்டத்துக்கு உட்பிரிவுகள் இருந்தன. காலையில் கட்டிக்கொண்டு வந்த இட்லி. மிளகாய்ப்பொடியில் நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து இரண்டு பக்கமும் தடவியது. திண்டிவனம் தாண்டி ஏதாவதொரு புளியமரத்தடி. ராத்திரிக்குத் தூக்கில் புளிச்சோறு. மத்தியானம் மட்டும் கடை. திருச்சிக்கும் மதுரைக்கும் நடுவில் அந்தக் கடையை அப்பா தேர்ந்தெடுப்பார். லாரிகள் நிற்க வேண்டும். இலை போட வேண்டும், தட்டு கூடாது. ரசம் கொதிக்க வேண்டும். உச்சிக்கு மேல் தேங்காய்ச் சட்னியைத் தொடக் கூடாது. மோரில் விட்டிருப்பது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று தெரியாது, ஆகவே மோர் கிடையாது. அவர் மட்டும் இறங்கிப் போய்க் கல்லாவைத் தாண்டி அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். உதட்டைப் பிதுக்கினால் வண்டி கிளம்பிவிடும். ஒரே பிரயாணத்தில் மூன்று கடைகளை அவர் நிராகரித்ததுண்டு. பசி காதை அடைக்கும். ஆனாலும் எங்களுக்கு அதில் பெருமைதான். நிராகரிப்பதுதான் ரசனையின் முதல் அடையாளம் என்பதை நான் புத்தகங்களிலிருந்து கற்கவில்லை, அந்த அம்பாசடரின் பின் ஸீட்டில் கற்றேன்.

தாத்தாவுக்கு இந்தப் பிரச்னை இன்னும் சுலபமாக இருந்திருக்கிறது. சமைத்தவன் யார் என்பது ஒன்றே கேள்வி. ஹோட்டல் பலகையிலேயே ஜாதியை எழுதி வைத்திருந்த காலம். அந்த எழுத்தை அழிக்கச் சொல்லித் திருவல்லிக்கேணியில் 1957இல் பெரியார் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது. அப்பா தாத்தாவைக் கேலி செய்வார். தான் பார்ப்பது ஜாதியை அல்ல, சுத்தத்தை என்பார். அடுப்படியை எட்டிப் பார்க்கும் அந்தக் கணத்தில் அவர் கண் எதைத் தேடியது என்று இப்போது நினைத்தால், எனக்கு முழு நிச்சயம் இல்லை.

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். புறப்படுமுன் அரை டம்ளர் காப்பி. அதற்குப் பிறகு சாயங்காலம் வரை சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டாள். பங்குனி வெயிலில். கேட்டால் உத்திர விரதம் என்பாள். இட்லியில் ஒன்று தின்பாள், அதையும் விழுங்க முடியாமல் விழுங்குவாள். விரதத்தில் இட்லி உண்டு, தண்ணீர் கிடையாதா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

ஒரே ஒரு தடவை அம்மா வாயைத் திறந்தாள். துவரங்குறிச்சிப் பக்கம் ஒரு கீற்றுக் கொட்டகை. ‘இந்தக் கடை நல்லாருக்கும் போலிருக்கே’ என்றாள். அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தார். மேஜையெல்லாம் ஈ. அவர் சிரித்துக்கொண்டே திரும்பினார். ‘ஒங்கம்மா தேர்ந்தெடுத்த கடையப் பாருங்கல.’ அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மோசமான சாப்பாட்டுக்கு ‘அம்மா கடை’ என்று பெயர். கல்யாணப் பந்தியில் சாம்பார் சரியில்லையென்றால் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லிச் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். அதிகம் சிரித்தது நானாகவே இருக்கலாம்.

எழுபது வயதுக்கு மேல் அம்மாவுக்கு அடிக்கடி ஜுரம் வந்தது. மூத்திரத்தில் கிருமி என்றார் டாக்டர். தண்ணீரே குடிப்பதில்லையா என்று கேட்டார். ‘வெளியே போனா குடிக்கமாட்டேன், பழகிப்போச்சு’ என்றாள். எப்போதிலிருந்து என்றார். அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, ‘கல்யாணமானதிலேர்ந்து’ என்றாள். கோபமில்லை. ஊர் பேர் சொல்வதுபோலச் சொன்னாள். நாங்கள் ஆண்கள் புளியமரத்துக்குப் பின்னால் போய் நின்றுவிட்டு ஆசுவாசமாகத் திரும்பிய 550 கிலோமீட்டரும் அந்த அறையில் என் கண்ணுக்குத் தெரிந்தது.

துவரங்குறிச்சிக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு தட்டி மறைப்போ கருவேலம் புதரோ இருந்திருக்க வேண்டும். எனக்கு அது ஞாபகமில்லை. ஈக்கள் மட்டும் துல்லியமாக ஞாபகமிருக்கின்றன. நாங்கள் சொல்லிச் சொல்லிப் பழக்கிய கதையில் ஈக்கள்தான் இருந்தன.

க.நா.சு. ரசனையை விமர்சனத்துக்கு அடிப்படையாக வைத்தார். செல்லப்பா அலசல் வேண்டும் என்றார். இருவரையும் படித்து, இரண்டு பக்கமும் மாறி மாறி நின்று, நானும் நண்பர்களோடு இரவு முழுக்கச் சண்டை போட்டிருக்கிறேன். ரசனை எனக்கு இன்னும் முக்கியம்தான். ஆனால் அது தனியாக நிற்கிற ஒன்று என்று இப்போது சொல்லமாட்டேன். அப்பாவின் நாக்கு சுதந்திரமாக இருந்ததற்கு அவருடைய அடிவயிறு இலேசாக இருந்ததும் ஒரு காரணம். பக்கத்தில் ஒருத்தி அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, மூன்று கடைகளை நிராகரிப்பது தேர்ந்த ரசனை ஆகுமா? அம்மாவும் தேர்வு செய்தாள். அவளுடைய அளவுகோல் எங்களுக்குத் தெரியவில்லை. தெரியாததை ரசனையின்மை என்றோம். ஒரு படைப்பை இப்படி நாம் எத்தனை தடவை ஒதுக்கியிருக்கிறோம் என்று யோசிக்கப் பயமாக இருக்கிறது.

அம்மாவோடு கடைசியாக அந்தச் சாலையில் போனது 2016இல். நான் ஓட்டினேன். நான்கு வழிச் சாலை. மறைப்புக்கு மரம் இல்லை, ஆனால் சுங்கச்சாவடிக்குச் சுங்கச்சாவடி கடைகள். செல்போனில் எந்தக் கடைக்கு எத்தனை நட்சத்திரம் என்று மகள் வாசித்துக்கொண்டே வந்தாள். விக்கிரவாண்டி தாண்டியும் நான் ஒவ்வொன்றாக வேண்டாமென்று சொல்லிக்கொண்டிருந்தேன். உதட்டைக்கூடப் பிதுக்கினேனோ என்னவோ. பின்னாலிருந்து அம்மா மகளிடம் கேட்டாள்: ‘ஏட்டி, உள்ளே போக எடமிருக்கான்னு அதுல போட்டிருக்கா?’

அடுத்த கடையில் நிறுத்தினேன். தட்டில்தான் போட்டார்கள். சாம்பாரில் வெல்லம். ரசம் ஆறியிருந்தது. அப்பா அந்த வாசற்படியை மிதித்திருக்கமாட்டார்.

அம்மா பின்பக்கம் போய்விட்டு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். உட்கார்ந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் முழுக்கக் குடித்தாள். பிறகு பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டாள்.