விபுலாநந்த அடிகளுக்கு நார்த்தாமலையிலிருந்து ஒரு நன்றி மடல்



இங்கே பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவன் எழுதுகிறேன். ஹார்ப் வாசிக்கும் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, “கை நரம்பில் இருக்கிறது, கால் எதை மிதிக்கிறது?” என்று ஒரு மாணவி கேட்டாள். அதிலிருந்து பிறந்த அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கைகொடுத்தது தங்கள் ‘யாழ் நூல்’.

ஹார்ப்பில் 47 நரம்புகள், 7 பெடல்கள். சுரத்துக்கு ஒரு பெடல். ஒன்றை மிதித்தால் அநேகமாக எல்லா ஸ்தாயியிலும் அந்தச் சுரத்தின் நரம்புகள் ஒருசேர மாறும். தூணுக்குள் ஓடும் கம்பி மேலே உள்ள சிறு வட்டைத் திருப்ப, அதன் இரண்டு முளைகள் நரம்பை இறுக்கிப் பிடிக்கின்றன. அதிரும் நீளம் ஏறக்குறைய 18இல் 1 பங்கு குறைய, சுரம் அரைச்சுரம் ஏறுகிறது. இன்னொரு படி மிதித்தால் இரண்டாவது வட்டு திரும்பி, மேலும் அரைச்சுரம். செபாஸ்டியன் எரார் 1810இல் லண்டனில் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. அருமையான வேலைப்பாடு.

“நம்ம யாழுக்குப் பெடல் உண்டா?” என்றாள் அடுத்து. இல்லை. வில்போல் வளைந்த கோடு என்னும் தண்டு, பத்தர் என்னும் ஒலிக்கலம், நரம்பு, நரம்பை இறுக்கிக் கட்டும் திவவு, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஏழு பாலைகளை, அதாவது ஏழு சுரவரிசைகளை, எப்படி எழுப்பினார்கள்? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் யாழாசிரியனைச் சொல்லும் 25 அடிகளை எடுத்துக்கொண்டு, கணக்குப் போட்டு, தாங்கள் விடை கண்டீர்கள். நரம்பின் இறுக்கத்தைத் தொடவேண்டாம், குரலாக, அதாவது ஆதார சுரமாக, நிற்கும் நரம்பை மாற்றினால் போதும். ஹார்ப் ஆதாரத்தை அசைக்காமல் சுரத்தை நகர்த்துகிறது. யாழ், சுரங்களை அப்படியே விட்டு ஆதாரத்தை நகர்த்துகிறது. பாடுகிறவரும் கூடவே நகரவேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் ஓர் இயந்திரமும் இல்லாமல் கைக்கு வந்த செல்வம் இது!

ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகளை மட்டும் வைத்துக் காட்டினேன். சங்கராபரணம் வாசிக்கும் வெள்ளைக் கட்டை வரிசையில், அதன் பஞ்சமத்தைக் குரலாக்கினால் செம்பாலை, நம் அரிகாம்போதி. அடுத்த கட்டையிலிருந்து படுமலைப்பாலை, நடபைரவி. இப்படியே ஏறிப்போனால் அரும்பாலையில் மறுபடி சங்கராபரணம், கோடிப்பாலையில் கரகரப்பிரியா, விளரிப்பாலையில் தோடி, மேற்செம்பாலையில் கல்யாணி. செவ்வழிப்பாலையில் மட்டும் பஞ்சமம் சுத்தமாக விழாது. அங்கே பிள்ளைகளின் முகம் சுளித்ததே, காது திறந்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

இந்தப் பாலைகளின் பட்டியலை மனப்பாடம் செய்து வளர்ந்த தலைமுறை நாங்கள். அது ஏன் அப்படி என்று காரணம் சொல்லிக் கொடுத்தவர் தாங்கள்.

காரைதீவில் பிறந்த தாங்கள் புதுக்கோட்டையில் சிதம்பரம் செட்டியாரின் இராம நிலையத்தில் தங்கி இந்நூற்பணி செய்தது எங்கள் மாவட்டத்துக்குக் கிடைத்த பேறு. பக்கத்துக் குடுமியான்மலையில், குடைவரையை ஒட்டிய பாறையில் ஏழு பிரிவாகச் சுரங்களை வெட்டிவைத்த கல்வெட்டையும் தாங்கள் ஆராய்ந்தீர்கள். வரும் விடுமுறையில் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகிறேன்.

1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் நூல் அரங்கேறியது; ஜூலை 19இல் தாங்கள் மறைந்தீர்கள். உடல் தளர்ந்த நிலையிலும் இதை முடித்துத் தந்தீர்களே, அதற்குத்தான் முதல் நன்றி. கேள்வி கேட்ட அந்த மாணவியின் நன்றியையும் இத்துடன் சேர்த்து அனுப்புகிறேன்.

தங்கள் அன்புள்ள,
நார்த்தாமலைப் பாட்டு வாத்தியார்